தறி போர்டில் ஒரு விரல்

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று சாயங்காலம் இடி இடித்ததில் இவருடைய போர்டு போய்விட்டது. கருகிய வாசனை வந்த பிறகுதான் ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். என்ன பிரயோஜனம்.

தினமும் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த நோட்டு. நாளைக்கு வேறு யாராவது வந்து பார்த்துக்கொள்ள நேர்ந்தாலும் படித்தால் புரிய வேண்டுமாம். யார் வரப் போகிறார்கள், வாசலில் வரிசையா நிற்கிறது? இருந்தாலும் எழுதுகிறேன்.

நோயாளி ஈஸ்வரமூர்த்தி, வயது 49, என் வீட்டுக்காரர். மோட்டார் நியூரான் நோய், இது மூன்றாவது வருஷம். கால், கை, நாக்கு, தொண்டை என்று ஒவ்வொன்றாகப் போய், வலது கை ஆள்காட்டி விரலில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். காது நன்றாகக் கேட்கும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. பார்த்துக்கொள்பவர்கள் மூன்று பேர்: கலாமணி என்கிற நான், இவருடைய அம்மாவான என் அத்தை, காலை எட்டிலிருந்து ஆறு மணிவரை இருக்கும் நர்ஸ் பிலோமினா.

இன்று ஆக்ஸிஜன் 93. கஞ்சி மூன்று வேளையும் வயிற்றுக் குழாய் வழியாக உள்ளே போனது. மாஸ்க் பதினாறு மணி நேரம்.

போர்டு என்பது நான் செய்தது. விரலுக்கு அடியில் ஒரு மெல்லிய பொத்தான், கட்டிலுக்கு எதிரே ஒரு திரை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது இவர் அழுத்தினால் அது நிற்கும். எழுதி முடித்ததை ஸ்பீக்கர் படிக்கும். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். அப்படியும் ஆறு மாசமாக 'ஃபேனைக் குறை', 'அம்மாவைப் படுக்கச் சொல்', 'இந்த நாட்டில் ஒருத்தனுக்கும் பந்து போடத் தெரியாது' என்று எல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது வீட்டில் சத்தமே இல்லை.

நவம்பர் 3, திங்கள்

இன்றைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

போன வியாழக்கிழமை டாக்டர் வைஜெயந்தி வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவரிடமே நேராகப் பேசினார். மூச்சுத் தசை தளர்ந்துகொண்டே வருகிறது. மாஸ்க்கில் தள்ளும் காற்று இன்னும் சில வாரம்தான் போதும். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து வெண்டிலேட்டரில் சேர்த்தால் வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆனால் இப்படியேதான். வேண்டாம் என்றால் தூக்கம் அதிகமாகி, வலி இல்லாமல் முடிந்துவிடும். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் மனைவியோ அம்மாவோ சொல்லி நான் கேட்க மாட்டேன் என்றார். இருபது நிமிஷம் ஆயிற்று இவர் எழுதி முடிக்க: 'யோசிக்கணும். திங்கள் சொல்றேன்.'

சனிக்கிழமை இடி.

கண்ணால் கேட்கலாமே என்று அத்தை சொல்கிறார். ஆமாம் என்றால் மேலே பார் என்று நாங்களும் வைத்திருந்ததுதான். இமை பாதிக்கு மேல் திறப்பதில்லை இப்போது. கண்ணால் எழுதும் மிஷின் ஒன்றைக்கூட வரவழைத்துப் பார்த்தோம், அதற்கு இவர் கண்ணே அகப்படவில்லை. பாதி மூடிய கண்ணைப் பார்த்து அத்தை தனக்கு வேண்டியதைப் படித்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

அதே போர்டு கோயமுத்தூரில் எங்கேயும் இல்லை. வெளியூரிலிருந்து வர ஐந்து வாரமாம். ஐந்து வாரத்துக்கு நான் எங்கே போக?

ஆபீசுக்குப் போய் ஷெல்ஃபில் கிடந்த தறி போர்டு ஒன்றை எடுத்து வந்தேன். எங்கள் கம்பெனி விசைத்தறிக்குப் பேனல் செய்கிற கம்பெனி. நூல் அறுந்தால் தறியை நிறுத்துவது, மீட்டர் எண்ணுவது, அந்த மாதிரி வேலை. இந்தப் போர்டின் சர்க்யூட்டை ஏழு வருஷத்துக்கு முன்னால் வரைந்தது இவர்தான். அதற்கு டிவைஸ் ட்ரீ எழுதினது நான். இவர் வரைவார், நான் எழுதுவேன், எங்கள் கல்யாணமே அந்த மேஜையில் முடிவானதுதான்.

போர்டை இவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். "உங்க சரக்குதாங்க" என்றேன். பார்த்த மாதிரிதான் இருந்தது.

நவம்பர் 5, புதன்

அத்தை சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, நாள் பூராவும் என்னத்த எழுதிக்கிட்டிருக்கிறே என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். எனக்கும் பேச ஆள் இல்லாததால் சொன்னேன்.

சிப் என்பது மூளை. தன்னோடு எதை எதைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதன் கம்பிக் கால்களில் இந்தக் காலில் திரை, இந்தக் காலில் ஸ்பீக்கர், இந்தக் காலில் பொத்தான் என்று ஒரு ஃபைலில் கிளை கிளையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் டிவைஸ் ட்ரீ. முழிக்கும்போதே அதைப் படித்துவிட்டுத்தான் முழிக்கும். எழுதாமல் விட்டது கண்ணெதிரே இருந்தாலும் இல்லை என்றுதான் நினைக்கும். தப்பாக எழுதினால் தப்பை அப்படியே நம்பும், சந்தேகமே படாது.

அத்தை கேட்டுவிட்டு, அப்ப உன்ன நம்பித்தான் இருக்குதுன்னு சொல்லு என்றார்.

ஆக்ஸிஜன் 92. துணி துவைக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

முழிக்கவில்லை. திரை கருப்பு.

நவம்பர் 7, வெள்ளி

தறிக்கு எழுதின ஃபைலை நகல் எடுத்து வைத்துக்கொண்டு வேண்டாததை வெட்டுகிறேன். நூல் அறுந்ததைக் காட்டும் சென்சார் பன்னிரண்டு, மோட்டார், மீட்டர் எல்லாம் போனது. புதிதாக எழுத வேண்டியது திரையும் ஸ்பீக்கரும். ஸ்பீக்கருக்குக் கொடுத்த அதே காலை எங்கேயோ ஒரு மூலையில் சென்சார் கிளை ஒன்றும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் கிடையாது என்று சிப் இரண்டையும் விட்டுவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போயிற்று.

பொத்தான் கிளையைத் தொடவில்லை. தறியிலும் பொத்தான்தான், இங்கேயும் பொத்தான்தான், காலும் அதே கால். ஒரு வேலை மிச்சம் என்று அப்படியே விட்டேன்.

பிலோமினா இவருக்கு முகச்சவரம் செய்துவிட்டார். கன்னத்தில் ஒரு கீறல். நான் சத்தம் போட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வந்துவிட்டது!

திரை வந்தது, ஸ்பீக்கர் பேசியது. பொத்தானை நான் அழுத்தினேன், எழுத்து நின்றது. முப்பது தடவை அழுத்தினேன், முப்பது தடவையும் நின்றது. இனி எந்த இடியும் தொடக்கூடாது என்று தனி பேட்டரி வைத்துக் கட்டினேன். கரண்ட் போனாலும் அணையாது.

இவர் விரலுக்கு அடியில் பொத்தானை வைத்து, பேசுங்க என்றேன்.

ஒன்றும் வரவில்லை. அவசரப்படாதீங்க என்றேன். எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. 'அ'வில் ஆரம்பித்து கடைசி வரை போய் மறுபடி 'அ'. ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், நான், அத்தை, இவர்.

எட்டு நாள் இடைவெளியில் விரல் போய்விட்டதோ என்னவோ. சீக்கிரம் செய்திருந்தால் கிடைத்திருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

பொத்தானை மாற்றினேன். ஊதினாலே அழுந்துகிற மாதிரி ஒன்று. என் சுண்டுவிரலுக்கும் வேலை செய்கிறது, அத்தையின் விரலுக்கும் செய்கிறது. இவர் விரலுக்கு இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பிலோமினா வந்து, சார் விரல் ஆடுதுங்க மேடம், எழுத்து ஓடும்போது டக் டக்குன்னு ஆடுது, மறுபடி பாருங்க என்றார். போய்ப் பார்த்தேன். மெலிசாக ஒரு துடிப்பு, கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. இந்த நோயில் தசை தானாகவே அப்படித் துடிக்கும், ஆரம்பத்தில் தோள் பூராவும் துடித்தது.

அப்படித்தான் அவரிடமும் சொன்னேன். இல்லீங்க மேடம், இது வேணும்னு ஆட்டற மாதிரி இருக்கு என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அழுத்துனா மிஷினுக்குத் தெரியும் பிலோமினா. மிஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், படுக்கை விரிப்பை மாற்றப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை செய்கிறவள் நான்.

நவம்பர் 13, வியாழன்

டாக்டர் வந்தார். எழுத்தெல்லாம் வேண்டாம், இரண்டே வரி போடுங்கள் என்றார். போட்டேன். 'குழாய் வேண்டும்', ஆறு செகண்ட். 'குழாய் வேண்டாம்', ஆறு செகண்ட். இரண்டும் மாறி மாறி நூறு தடவை ஓடின. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, இவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மிஷின் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் அழுத்திக் காட்டினேன். 'குழாய் வேண்டும்' என்று ஸ்பீக்கர் சத்தமாகச் சொன்னது. சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான்தாங்க அத்தை, சும்மா அழுத்திப் பார்த்தேன் என்று சொல்வதற்குள் என் உயிரே போய்விட்டது.

போகும்போது டாக்டர் வாசலில், இன்னும் சில நாள் கேட்டுப் பாருங்கள், பதில் வரவில்லை என்றால் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும், கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும் என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டு வரியையும் ஓட விட்டிருக்கிறேன். பகலெல்லாம் ஓடும்.

அத்தை என்னோடு சண்டை. அவன் என்னப் பார்த்தான், கண்ணுல தண்ணி வந்துச்சு, உசுரோட இருக்கோணும்னு கேக்கறான் என்கிறார். இமை சரியாக மூடாததால் வருகிற தண்ணீர் அது, டாக்டரே சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்றேன். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்றார்.

ஆக்ஸிஜன் 90. சொட்டு மருந்து நாலு வேளை.

நவம்பர் 16, ஞாயிறு

மேனேஜர் போன் செய்தார், எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று. ஜனவரி என்றேன்.

வைத்த பிறகு யோசித்தேன். எதை வைத்து ஜனவரி என்று சொன்னேன்? தெரியவில்லை. வாயில் வந்தது.

மத்தியானம் அலமாரியைச் சுத்தம் செய்தேன். பிரம்பு நாற்காலியிலேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டேன். கனவே வராமல் தூங்கி எவ்வளவு நாளாயிற்று.

நவம்பர் 18, செவ்வாய்

ஓடுகிறது. பதில் இல்லை.

நவம்பர் 19, புதன்

காலை பதினோரு மணிக்கு மூச்சு திணறியது. ஆக்ஸிஜன் 78. மாஸ்க் அழுத்தத்தைக் கூட்டி, சளியை உறிஞ்சி எடுத்து, ஒரு மணி நேரத்தில் 88க்கு வந்தது. பிலோமினா இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும். நாளைக்கு முடிவு சொல்லிவிடுங்கள், இனி நேரம் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார்.

மத்தியானம் ஒரு தடவை கடைசியாகக் கேட்டேன். திரையை விட்டுவிட்டு நானே வாயால் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, வேணும்னா இப்பவாவது அழுத்துங்க. ஒரே ஒரு தடவை" என்றேன். விரலைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். குழாய் வேண்டாம்.

இவரை எனக்குத் தெரியும். ஒன்று வேண்டும் என்றால் எப்படியாவது வாங்காமல் விட மாட்டார். வேண்டும் என்று இருந்தால் எப்படியாவது அழுத்தியிருப்பார். அழுத்தவில்லை என்றால் என்ன அர்த்தம்? வாய் விட்டுச் சொல்லாவிட்டாலும் அதுதான் பதில். இப்படியே வருஷக்கணக்கில் கிடக்க இவர் ஒப்புக்கொள்ள மாட்டார். யாரும் மாட்டார்கள்.

அத்தையிடம் சொன்னேன். எழுந்து போய் இவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

திரையில் அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டேன். வெறும் மணி காட்டும்படி வைத்தேன். கஞ்சி நேரம் பார்க்க வசதி. பொத்தானை எடுக்கவில்லை, விரலுக்கடியிலேயே இருக்கிறது. அதை எடுக்க மனசு வரவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

சாம்பார், பீன்ஸ். அத்தை சாப்பிடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

அத்தை என்னோடு பேசி நாலு நாள். ஏதாவது வேண்டும் என்றால் பிலோமினாவிடம் சொல்லி விடுகிறார். ஒரே வீட்டில், எட்டு அடி தூரத்தில்.

இவர் பகலிலும் தூங்குகிறார். மாஸ்க் இருபத்திரண்டு மணி நேரம். பிலோமினா இவர் காதருகே குனிந்து அன்றைய செய்தியெல்லாம் சொல்கிறார். மழை, பால் வண்டி வராதது, பக்கத்து வீட்டுக் கல்யாணம். நானும் போய் ஏதாவது சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நகம் வெட்டிவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

எழுப்பினால் கண் கொஞ்சம் திறக்கிறது. உடனே மூடிக்கொள்கிறது.

நவம்பர் 29, சனி

காய்ச்சல் 101. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, நிமோனியா ஆரம்பம் என்கிறார் டாக்டர். இன்று எழுப்பியும் கண் திறக்கவில்லை. இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்றார். சரி என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்தரைக்கு ஆபீசிலிருந்து சம்பத் போன் செய்தார், என் பக்கத்து மேஜைக்காரர். ஒரு தறிக்கூடத்தில் புகாராம். பேனலில் நிறுத்தும் பொத்தானை வேகமாகத் தட்டினால் எடுப்பதில்லை, அழுத்திப் பிடித்தால்தான் எடுக்கிறதாம். பொத்தானை மாற்றிப் பார்த்தாயிற்று, என்ன செய்வது என்று கேட்டார். நான் கஞ்சி கலக்கிக்கொண்டே, யோசிக்காமலேயே சொன்னேன். பொத்தான் கம்பியில் மின்சாரம் மாறும் ஒவ்வொரு தடவையும் சிப் உள்ளே ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். அழுத்தினதை அது நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எண் ஏறும். "முதல்ல அந்த எண்ணைப் பாருங்க சம்பத். எண் ஏறுதுன்னா விரல் சரி, நம்ம ஃபைல்தான் தப்பு."

சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றேன். அவர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் யாரும் முதலில் பார்க்கிற எண் அது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட அதைத்தான் பார்ப்பார். இத்தனை நாள் நான் அதைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

லேப்டாப்பை எடுத்து வந்து போர்டில் செருகினேன். பேட்டரி இருந்ததால் ஒன்பதாம் தேதியிலிருந்து அது அணையவே இல்லை.

18,264.

அப்புறம் ஃபைலைத் திறந்து, தொடாமல் விட்ட அந்தப் பொத்தான் கிளையைப் படித்தேன். ஐந்து வரி. ஐந்தாவது வரி, அழுத்தம் இருநூறு மில்லி செகண்ட் நிலைத்தால்தான் நம்பு என்பது. ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. தறி ஓடும்போது பேனல் பூராவும் அதிரும், அந்த அதிர்வைப் பொத்தான் என்று எடுத்துக்கொண்டு தறி நின்று நின்று போகிறது என்று புகார் வந்தபோது சேர்த்த வரி. சேர்க்கச் சொன்னது இவர். எழுதினது நான். கருகிப்போன போர்டில் அது ஐந்து மில்லி செகண்டாகத்தான் இருந்தது.

இவர் அழுத்தியிருக்கிறார். இவரால் முடிந்தது ஒரு தட்டு, அவ்வளவு நேரம் பிடிக்க முடியவில்லை. தறி அதிர்கிறது என்று நினைத்து மிஷின் தள்ளிவிட்டது.

அழுத்தினால் ஒன்று, விட்டால் ஒன்று, ஆக ஒரு தட்டுக்கு இரண்டு. பாதி போட்டால் 9,132. நானும் அத்தையும் சோதித்தது ஒரு முன்னூறு. உள்ளே உலோகம் படபடத்து ஒரு தட்டே நாலாக ஐந்தாகப் பதிந்திருக்கும். எல்லாவற்றையும் கழித்தேன். தாராளமாகக் கழித்தேன். எப்படிக் கழித்தாலும் ஆயிரத்துக்குக் கீழே வரவில்லை.

எண்ணைப் பார்த்துக்கொண்டே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட ஏறவில்லை. சாயங்காலம் பிலோமினா கிளம்பும்வரை 18,264 தான்.

டிசம்பர் 2, செவ்வாய்

அந்த இருநூறை ஐந்தாக மாற்றினேன். மாற்றினால் போர்டை அணைத்துப் போட வேண்டும், அணைத்தால் எண் அழிந்துவிடும். அதனால்தான் நேற்றே இங்கே எழுதி வைத்தேன். போட்ட பிறகு பென்சில் முனையால் லேசாகத் தட்டிப் பார்த்தேன், எடுத்தது. இரண்டு வரியையும் மறுபடி ஓட விட்டு, இவர் காதருகே போய், இப்ப எடுக்குதுங்க, தட்டுங்க என்றேன். பத்து தடவை சொல்லியிருப்பேன். விரல் சில்லென்று இருந்தது.

எந்தத் தட்டு எந்த நேரத்தில் விழுந்தது என்று எங்கேயாவது பதிவாகியிருக்குமா என்று காலையிலிருந்து தேடினேன். எந்த வரி ஓடும்போது தட்டினார் என்று தெரிந்தால் போதும். சிப் எண்ணை மட்டும்தான் வைத்திருந்தது. என் புரோகிராம் நம்பின அழுத்தத்தை மட்டும்தான் எழுதி வைக்கும். நம்பாததை எழுதி வைக்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

வேண்டும் என்று தட்டினாரா, வேண்டாம் என்று தட்டினாரா? இல்லை, ஃபைலைப் பாருடி என்றுதான் தட்டினாரா? இந்தப் போர்டை வரைந்தவர். பொத்தான் கிளையை அப்படியே விட்டுவிட்டேன் என்று அன்றைக்கு நான் போனில் சம்பத்திடம் பெருமை பேசினது இதே அறையில்தான். என்ன தப்பு என்று அந்த நிமிஷமே இவருக்குத் தெரிந்திருக்கும்.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது குழாய் போட முடியுமா என்று கேட்டேன். இந்த நிலையில் மயக்க மருந்தே தாங்காது, ஒன்றிரண்டு நாள்தான் என்றார். தசை தானாகத் துடித்ததாகவும் இருக்கலாம் கலாமணி, உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தானாகத் துடித்தது எழுத்து ஓடும்போது மட்டும் துடிக்குமா? பிலோமினா அன்றைக்கே சொன்னார்.

பிலோமினாவிடம் போய், நீங்க சொன்னதுதான் சரி என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாருக்கு உடம்பு துடைக்கணும், தண்ணி சூடு பண்ணுங்க மேடம் என்றார்.

தண்ணீர் சூடு பண்ணினேன்.

டிசம்பர் 3, புதன்

ஆக்ஸிஜன் 71. எழுதத்தான் எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தை, நடுவில் இவர். பதிமூன்று நாள் கழித்து அத்தை என்னிடம் வாயைத் திறந்தார்.

"ரெண்டு நாளா அந்த மிஷினையே நோண்டிட்டு இருந்தியே அம்முணி. அவன் ஏதாச்சும் சொல்லியிருக்கானா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆயிரம் தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை, என் ஃபைல் அதைத் தள்ளிவிட்டது என்று. அத்தைக்கு எழுபத்தாறு வயது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா எப்படி மிச்ச நாளைத் தள்ளுவார்? அவருக்காகத்தான் சொன்னேன். அவருக்காகத்தான்.

"சொல்லியிருக்காருங்க அத்தை. உள்ள பதிவாகியிருந்தது. நேத்துதான் பார்த்தேன். வேண்டாம்னுதான் சொல்லியிருக்கார்."

அத்தை இவர் விரலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். அப்ப அன்னிக்கு விரல் ஆடுனது அதுக்குத்தானா சாமி என்று இவரிடம் கேட்டார். மறுபடி மணி காட்ட வைத்திருந்த திரையில் மூன்று இருபது. இவர் மூச்சு மாஸ்க்குக்குள் இழுத்து இழுத்து வந்தது.

அப்புறம் எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீயா முடிவு கட்டிப்போட்டேன்னு உம்மேல கறுவிக்கிட்டே இருந்தேன். உன் கையில சோறு வாங்கித் திங்கப் பிடிக்காம கெடந்தேன். எம்பையன் சொன்னதத்தான் நீ செஞ்சிருக்கறே. தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காத."

பரவாயில்லீங்க அத்தை என்றேன்.

உள்ளே போய்க் காபி போட்டு ஆற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். சர்க்கரை அதிகம். பக்கத்திலேயே நின்று, குடி, ஆறிப்போயிரும் என்றார். குடித்தேன்.